ஜப்லாவுக்குப் போட்ட பில்

பையைத் திற என்றால் நான் திறந்துவிடுவேன். கேட்பதற்கு முன்பே திறந்துவிடுவேன். பனியன் கம்பெனியில் வேலை பார்த்த எல்லோருக்கும் அந்தப் பழக்கம் இருக்கும். வேலை முடிந்ததும் கேட்டில் வரிசையாக நிற்போம். சாப்பாட்டுப் பையை விரித்துப் பிடிக்க வேண்டும். டிபன் பாக்ஸ் மூடியைக் கழற்றிக் காட்ட வேண்டும். பெண்களைச் சோதிக்க ஒரு அம்மா இருந்தார். இரண்டு கையையும் தூக்கினால் இடுப்பில் தடவிப் பார்த்துவிட்டு, போ என்பது போல முதுகில் தட்டுவார். முதல் மாதம் உடம்பு கூசியது. அப்புறம் பழகிவிட்டது.

கடைகளில் பையைச் சோதிக்கலாமா கூடாதா என்று பேசுகிறார்கள். மானம் போகிறது என்கிறார்கள் சிலர். சரக்குப் போகிறதே என்கிறார்கள் கடைக்காரர்கள். இரண்டும் சரிதான். எனக்கு அதில் தெரிந்தது பயம் மட்டும். அதைத்தான் எழுதுகிறேன்.

அப்போது நல்லூரில் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். மழை இல்லை, வந்துவிட்டோம். என் வீட்டுக்காரருக்கு நிட்டிங் மிஷினில் ராத்திரி ஷிப்ட். நான் கைமடி. டெய்லருக்குப் பக்கத்தில் நின்று, தைத்து விழும் பீஸை எடுத்து, தொங்குகிற நூலை வெட்டி, மடித்து அடுக்குகிற ஆளுக்கு அந்தப் பெயர். தொங்குகிற நூலைப் பிசிறு என்போம். பிசிறு வெட்ட விரல் நீளத்தில் ஒரு கத்தரி உண்டு. டிரிம்மர். எப்போதும் கூடவே இருக்கும். தூங்கும்போதும் என் விரல் வெட்டிக்கொண்டே இருக்கிறது என்று அவர் சொல்லிச் சிரிப்பார்.

என் டெய்லர் ஒரு அக்கா. திருநெல்வேலிப் பக்கம், வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். அக்காவின் வீட்டுக்காரர் வீரபாண்டியில் சாயப்பட்டறையில் வேலை பார்க்கும்போது வழுக்கி விழுந்தவர். முதுகு போய்விட்டது. படுக்கையில்தான் எல்லாம். இரண்டு பெண் பிள்ளைகள் ஊரில் ஹாஸ்டலில் படித்தார்கள். நாலு பேருக்கும் அக்காவின் கை ஒன்றுதான். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனால் என்னிடம் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

எங்கள் டேபிளில் ஒரு வழக்கம் இருந்தது. டேபிளில் உள்ள யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் அதற்கு ஒரு ஜப்லா தைத்துக் கொடுப்போம். முன்னால் முடிச்சுப் போடுகிற சின்னச் சட்டை. கட்டிங்கில் மிச்சம் விழுகிற பிட்டுத் துணியில் அக்கா சாப்பாட்டு நேரத்தில் தைத்துவிடுவாள். சூப்பர்வைசர் அந்நேரம் வேறு பக்கம் பார்ப்பார். கேட்டில் இருக்கும் அம்மாவுக்கும் தெரியும். டிபன் பாக்ஸைத் திறப்பார். உள்ளே ஜப்லா இருக்கும். ஆணா பொண்ணா என்று கேட்டுவிட்டு மூடிவிடுவார். யாரும் யாரிடமும் சொல்லமாட்டோம்.

முதலாளிக்குத் தெரிந்தால் அதற்குக் களவு என்று பெயர். பிட்டுத் துணி எடைக்குப் போகிற சரக்கு. கட்டிங்கில் இருந்த ஒருவர் கழுத்துப் பட்டைக்கு வருகிற ரிப் துணி கொஞ்சம் எடுத்துப்போய் மாட்டிக்கொண்டார். அந்தத் துணியை அவர் கழுத்தில் போட்டு, எல்லோரும் வெளியே போகும்வரை கேட்டில் நிற்க வைத்தார்கள். நாங்கள் அவரைத் தாண்டித்தான் போனோம். அவர் யாரையும் பார்க்கவில்லை. பிறகு வேறு எந்தக் கம்பெனியிலும் அவரை எடுக்கவில்லை என்று சொன்னார்கள். முதலாளிகள் எல்லாம் சொந்தக்காரர்கள். ஒரு போனில் விஷயம் போய்விடும்.

என் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. அக்கா ஜப்லா தைத்தாள். மஞ்சளில் வெள்ளைக் கோடு. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் போகிற டீ ஷர்ட்டின் பிட். சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் லீவு. அதே அளவுக்கு ஒரு தொப்பியும் ஒரு ஜட்டியும் வாங்கலாம் என்று ஜப்லாவைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக வந்த கடை. நாமே உள்ளே போய் எடுத்துக்கொள்ளலாம். யாரும் கூடவே வந்து நிற்கமாட்டார்கள். வாசலில் பையை வாங்கிவைத்து டோக்கன் தருவார்கள். அன்றைக்குக் கூட்டம், பை வைக்க இடம் இல்லை. வாசல்காரப் பையன், கொண்டு போங்கக்கா, போகும்போது பார்த்துக்கலாம் என்றான். எனக்கு அது ஒன்றுமே தோன்றவில்லை. தினமும் காட்டுகிற பைதானே.

பில் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருந்தது. அதில் நாலைந்து போட்டோ ஒட்டியிருந்தார்கள். எல்லாம் பொம்பளைகள். கையில் ஆளுக்கு ஒரு துணி. மேலே, திருடிகள், உஷார் என்று எழுதியிருந்தது. ஒருத்திக்கு என் வயதுதான் இருக்கும். பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

குழந்தைத் துணி இருக்கிற பக்கம் போனால், எங்கள் டீ ஷர்ட் தொங்குகிறது. மஞ்சளில் வெள்ளைக் கோடு. அந்த ஆர்டரில் மிஞ்சியதை இந்தக் கடைக்காரர் எடுத்திருக்கிறார். என் கையில் கணக்கில்லாமல் ஓடிப்போன பீஸ். கடையில் ஹாங்கரில் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. தொட்டுப் பார்த்தேன். கழுத்தில் பிசிறு தொங்கியது. எங்கள் டேபிள் அப்படி விடாது. அடுத்த டேபிள்காரர்கள் வேலை. பிசிறோடு ஒரு பீஸ் கண்ணில் பட்டால் என் கை நிற்காது. பையில் இருந்து டிரிம்மரை எடுத்து வெட்டினேன். அடுத்ததிலும் இருந்தது. அதையும் வெட்டினேன். அப்படியே அந்த வரிசை முழுக்க வெட்டிக்கொண்டு போனேன். என்ன செய்கிறோம் என்ற நினைப்பே இல்லை. கம்பெனியில் நிற்பது போலத்தான் நின்றேன்.

ஒரு பெண் வந்து தோளைத் தொட்டது. கடையில் வேலை செய்கிற பெண்.

"ஒரு நிமிசம் உள்ள வாங்கக்கா. அண்ணன் கூப்புடறாரு."

பின்னால் ஒரு அறை. சுவர் முழுக்க அட்டைப் பெட்டி. கடை முதலாளி உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. அந்தப் பெண் கதவைச் சாத்தியது. கதவு சாத்திய சத்தத்தில்தான் எனக்கு விஷயம் புரிந்தது.

"பயப்படாதீங்க அம்மிணி," என்றார் முதலாளி. "பையக் கொஞ்சம் தொறந்து காட்டுங்க."

இந்த ஊர்க்காரர்கள் கோபத்திலும் மரியாதை விடமாட்டார்கள். அவர் கத்தியிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

பையை விரித்துப் பிடித்தேன். அந்தப் பெண் ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தது. தண்ணீர் பாட்டில். தலைவலித் தைலம். டிரிம்மர். கம்பெனி கார்டு. கடைசியில் ஜப்லா. ஜப்லாவை எடுத்ததும் அந்தப் பெண் முதலாளியைப் பார்த்தது. வெளியே போய் ஹாங்கரில் இருந்த ஒரு டீ ஷர்ட்டைக் கொண்டுவந்து ஜப்லாவுக்குப் பக்கத்தில் போட்டது. ஒரே துணி. ஒரே மஞ்சள்.

கத்தரியை வைத்து வெட்டிக்கொண்டே நின்றதைப் பார்த்தேன் என்று அது சொன்னது. நான் பிசிறு வெட்டினேன் என்றேன். சொல்லும்போதே எனக்கே அது பொய் மாதிரி இருந்தது. கடைக்கு வந்து யாராவது பிசிறு வெட்டுவார்களா?

"லேபிள் எங்கீங்க இதுல?" என்றார் அவர்.

"லேபிள் இல்லீங்க. இது நான் கொண்டு வந்தது."

"அப்படீங்களா. எங்க வாங்குனீங்க?"

வாயைத் திறந்தேன். வேறு கடைப் பெயர் சொன்னால் அங்கே கேட்பார். கம்பெனி என்று சொன்னால் யார் தைத்தது என்று கேட்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் யாராவது நிற்கிறார்கள். கொசுவத்தைக் கையால் பிடித்துக்கொண்டேன்.

அவர் கம்பெனி கார்டை எடுத்துப் பார்த்தார். முகம் மாறியது. நல்லவிதமாகத்தான் மாறியது.

"அட, எங்க மாமன் கம்பெனிங்களா. மொதல்லயே சொல்றதுக்கென்னங்க. இருங்க, ஒரு போனைப் போட்டுக் கேட்டுப்போடலாம். எங்க ஆளு அப்படிப் பண்ணாதுன்னு அவுரு சொன்னாருன்னா, நீங்க பாட்டுக்கு ஊட்டுக்குப் போலாம்."

எனக்கு உதவி செய்கிறேன் என்றுதான் அவர் நினைத்தார். செல்போனை எடுத்து நம்பர் தேடினார். நான் அவர் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த விரல் அழுத்தினால் என் மேல் பழி இல்லை என்று ஆகிவிடும். ஜப்லா கம்பெனிக்குப் போகும். அக்கா கேட்டில் நிற்பாள். கழுத்தில் இந்த மஞ்சள் துணி தொங்கும். நாங்கள் எல்லோரும் அவளைத் தாண்டிப் போக வேண்டும். கேட் அம்மாவின் வேலையும் போகும். படுக்கையில் கிடக்கிறவருக்குக் கஞ்சி யார் ஊற்றுவது? ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளைகள்?

இவ்வளவும் யோசித்தேனா என்று இப்போது தெரியவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. வாய் சொல்லிவிட்டது.

"போன் போட வேணாங்க. நான்தான் எடுத்தேன்."

விரல் நின்றது.

"ரேக்குல இருந்துங்களா?"

"ஆமாங்க."

அவர் போனை மேஜையில் வைத்தார். அவருக்கு வருத்தம்தான் என்று தோன்றியது.

"கேட்டிருந்தீங்கன்னா வெல கொறச்சுக் குடுத்திருப்பனே அம்மிணி."

நான் தலையை நிமிர்த்தவில்லை. போலீசுக்குச் சொல்லவில்லை என்றார். பொம்பளை, புள்ளைகுட்டிக்காரி என்றார். பில் போட்டுப் பணத்தைக் கட்டிவிட்டுப் போங்க, இனிமேல் இந்தப் பக்கம் வராதீங்க என்றார். ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்குவோம் என்றார். அந்தப் பெண் ஜப்லாவை என் கையில் கொடுத்து, நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கச் சொன்னது. பிடித்தேன். வெளிச்சம் அடித்தது. கண்ணை மூடிவிட்டேன் என்று இன்னொரு தரம் எடுத்தார்கள்.

ஜப்லாவில் லேபிள் இல்லாததால் பில் போட முடியவில்லை. டீ ஷர்ட்டின் லேபிளை வைத்து அதன் விலைக்குப் பில் போட்டார்கள். கட்டினேன். தொப்பிக்கும் ஜட்டிக்கும் வைத்திருந்தது அதோடு போய்விட்டது. எங்கள் டேபிளில் தைத்த ஜப்லாவை நானே விலைக்கு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாசல்காரப் பையன் பையைப் பார்த்தான், பில்லைப் பார்த்தான், அதில் ஒரு ஓட்டை போட்டான். போங்கக்கா என்றான். எல்லாம் சரியாக இருந்தது அவனுக்கு.

என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. தொப்பி எங்கே என்றார். நல்லதாக இல்லை என்றேன். அடுத்த வாரம் ஊருக்குப் போய்க் குழந்தைக்கு ஜப்லாவைப் போட்டோம். கொஞ்சம் தொளதொள என்று இருந்தது. கவரில் பில் கிடந்ததைத் தங்கை பார்த்துவிட்டாள். கடையிலேயே வாங்கினியா என்று கேட்டாள். ஆமா என்றேன். அவளுக்குச் சந்தோஷம்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் மோசம். அந்தப் பலகையில் என் படம் இருக்கும். எங்கள் கம்பெனிக்காரர்கள் சம்பளம் வாங்கினால் அந்தக் கடைக்குத்தான் போகிறார்கள். யாராவது திங்கட்கிழமை வேலைக்கு வந்து என்னை ஒரு மாதிரி பார்த்தால் மடிக்கிற பீஸைப் பார்த்துக் குனிந்துகொள்வேன். இரண்டு பேர் சேர்ந்து சிரித்தால் என்னைத்தான் என்று இருக்கும். படத்தை மட்டும் பார்த்தால் பரவாயில்லை. கையில் இருக்கிற ஜப்லாவைப் பார்த்தால்? அப்படி ஒரு ஜப்லாவை அந்தக் கடை விற்கவே இல்லையே. எங்கள் டேபிளில்தானே அதைத் தைப்பார்கள். போனை நிறுத்தி என்ன புண்ணியம், படமாக மாட்டிவிட்டுத்தானே வந்திருக்கிறேன் என்று பிறகுதான் உறைத்தது. பிசிறு வெட்டுகிற விரலே தடுமாறியது. ஒரு பீஸில் துணியையே வெட்டிவிட்டேன். என்னட்டி, கண்ணு அவிஞ்சு போச்சா என்று அக்கா திட்டினாள். அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

கிறிஸ்துமஸ் வந்தது. அக்கா பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வேண்டும் என்றாள். அந்தக் கடையில் தள்ளுபடியாம், வா என்றாள். தலைவலி என்றேன். தைலத்தைத் தேய்ச்சுட்டு வா என்றாள். அக்காவிடம் அதற்கு மேல் பேச முடியாது.

வாசல்வரை போனேன். நான் பையை வைத்துக்கொண்டு வெளியே நிற்கிறேன், டோக்கன் போடுகிற வேலை மிச்சம் என்றேன். அக்கா பையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். டிரிம்மர் அவள் இடுப்பில் இருந்தது. எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அக்கா பிள்ளைகள் துணிப் பக்கம் போனாள். எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். பில் போடுகிற வரிசைக்கு வந்தாள். வரிசை பலகைக்குப் பக்கத்தில்தான் நகர்கிறது. அக்கா சும்மா நிற்கமாட்டாள், எதையாவது பார்த்துக்கொண்டே இருப்பாள். பலகையைப் பார்த்தாள். முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள்.

அப்படியே நின்றாள். பின்னால் இருந்தவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள்.

அக்கா சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். உள்ளே போய் முதலாளியிடம், இது நான் தைச்சது, இவள் எடுக்கவில்லை என்று சொல்லிவிடுவாள். சொல்லக்கூடியவள்தான். அவர் போனை எடுப்பார். கண்ணாடிக்கு வெளியே நின்று, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவள் திரும்பவே இல்லை. உள்ளே ஓடலாம் என்றால் வராதே என்று சொன்ன இடம். வாசல்காரப் பையன் என்னையே பார்ப்பது போல இருந்தது.

அக்கா திரும்பவும் வரிசையில் வந்து நின்றாள். ஒரு பெரிய கூட்டம் குழந்தையோடு நடுவில் வந்து மறைத்தது. அவர்கள் விலகியபோது அக்கா பில் போட்டுக்கொண்டிருந்தாள். பலகையை வரிசை மறைத்திருந்தது.

வாசலில் இப்போது பெண்களைச் சோதிக்க ஒரு பெண் இருந்தது. கவரை வாங்கி, பில்லோடு ஒவ்வொரு துணியாகச் சரிபார்த்தது. அக்கா பழக்கத்தில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதெல்லாம் வேண்டாங்கக்கா, போங்க என்றது.

அக்கா வெளியே வந்தாள். பையை வாங்கிக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் போனேன். கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் சுவரோரம் போய் நின்றாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஜாக்கெட்டுக்குள் கையை விட்டு எடுத்தாள். போட்டோ. ஓரத்தில் ஒட்டுத்தாள் டிரிம்மரில் வெட்டுப்பட்டு இருந்தது. வேர்வையில் நனைந்திருந்தது.

"ஏட்டி, இது நான் தச்சதுல்லா," என்றாள்.

ஆமா என்றேன்.

"நீ எடுத்தேன்னா சொன்ன?"

"கம்பெனிக்குப் போன் போடப் போனாருக்கா."

அக்கா போட்டோவை என் பக்கம் திருப்பினாள். மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"மூஞ்சியப் பாரு. பேய் அடிச்ச கணக்கா நிக்க."

நானும் பார்த்தேன். அந்த முகம் எனக்கே திருடி மாதிரிதான் இருந்தது. பயந்தால் எல்லோரும் அப்படித்தான் இருப்பார்கள் போல. பலகையில் இருந்த மற்ற பொம்பளைகளை நினைத்தேன்.

"அங்கன கேமரா இருக்கும்க்கா. தேடுவாங்க."

"தேடட்டும்ட்டி. திருடி படத்தக் காணும்னு எந்தப் போலீசுல போய்ச் சொல்லுவான்?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். போட்டோவை மறுபடியும் ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு ரோட்டைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் பயம்தான். அந்தக் கடையில் இருந்து உண்மையாகவே ஒரு பொருள் களவு போனது அன்றைக்குத்தான். பையைத் துருவிப் பார்த்தார்கள், கவரைத் துருவிப் பார்த்தார்கள். அது போய்விட்டது.

மறுநாள் கம்பெனியில் அக்கா போட்டோவை டிரிம்மரால் பொடிப்பொடியாக வெட்டினாள். நான் அதைப் பிசிறு மூட்டைக்குள் கையை விட்டு அடியில் போட்டேன். சாயங்காலம் கேட்டில் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினேன். காலியாக இருந்தது. கேட் அம்மா முதுகில் தட்டினார்.

கடைக்காரர் வேறு படம் மாட்டுவார் என்று ரொம்ப நாள் பயந்தேன். பஸ்ஸில் போகும்போது தலையைக் குனிந்துகொள்வேன். மாட்டினாரா இல்லையா, தெரியாது. யாரும் வந்து கேட்கவில்லை. அக்கா அதே மிஷினில் இருந்தாள். இரண்டு பிள்ளைகளும் படித்தார்கள்.

பொங்கல் கழிந்து எங்கள் டேபிளில் ஒரு பெண்ணின் அண்ணிக்குக் குழந்தை பிறந்தது. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். கட்டிங்கில் பச்சைப் பிட்டு நல்லதாக விழுந்து கிடந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் குனிந்து டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விட்டேன். திரும்பி வரும்போது மிஷின் ஓடவில்லை. பச்சைப் பிட்டெல்லாம் எடைக்குப் போகிற மூட்டையில் கிடந்தது.